இரண்டாம் பரிசு, வெண்ணெய்

பனி உருகி வெர்மான்ட் முழுக்கச் சேறாகும் ஏப்ரலில்
பனி தள்ளும் லாரிக்காரனுக்கு என்ன வேலை.
நூலகத்தின் நிலவறையில் உட்கார்ந்து
நுண்படச் சுருளைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.
எங்கள் மர ஆலை எரிந்தது
வெள்ளத்துக்கு முன்பா பின்பா என்று
தம்பி லைலோடு இருபது டாலர் பந்தயம்.

மூன்று சுருள் வரைக்கும் ஆலை எரியவே இல்லை.
சிவலைப் பசு ஒன்றைக் காணவில்லை, இடக்கொம்பு முறிந்தது.
கல்லீரல் மாத்திரை, டப்பா இருபத்தைந்து சென்ட்.
பாலத்திலிருந்து விழுந்த போதகரின் குதிரை
பிழைத்துக்கொண்டது.
போதகரைப் பற்றித் தகவல் இல்லை.

மாத்திரைக்கும் பசுவுக்கும் நடுவில்
எங்கள் பெயர்.

'இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில்,
என் மனைவி கெசையா
என் படுக்கையையும் பந்தியையும்
தக்க முகாந்திரமின்றித் துறந்துவிட்டபடியால்
இன்று முதல் அவள் படும் கடன் எதற்கும்
நான் பொறுப்பாளியல்ல.
ஆல்வா பெக், மார்ச் 9, 1871.'

அந்தத் தேதி எனக்குத் தெரியும்.
குன்றின் மேல் எங்கள் கல்லறைகளில் மூன்றாம் வரிசை,
சாய்ந்த பலகைக்கல்:
கெசையா, ஆல்வாவின் மனைவி,
கர்த்தருக்குள் நித்திரையடைந்தாள்.
அதே மார்ச். அதே ஒன்பது.

கல்லில் தூங்கியவள்
காகிதத்தில் எழுந்து நடந்து போகிறாள்.

சுருளை மெதுவாகத் திருப்பினேன்,
தூங்குகிறவரின் போர்வையை விலக்குவதுபோல.
இரண்டு வாரம் கழித்து, அதே பத்தியில்,
அவர் வாங்கியதைவிட மூன்று வரி கூடுதலாக
காசு கொடுத்து வாங்கியிருந்தாள்:

'படுக்கை, என் தகப்பனார் கொடுத்தது.
பந்தி என்று ஒன்று அந்த வீட்டில் போடப்பட்டதில்லை.
கடனைப் பற்றிச் சொன்னால்,
அவரை நம்பி ஊரில் ஒருவரும்
உப்புக்கூடக் கடன் தந்ததில்லை.
பசு என்னுடையது. ஓட்டிவந்துவிட்டேன்.
பிள்ளையை விடமாட்டேன் என்றார்.
கெசையா பெக்.'

நிலவறையில் தனியாக ஒருவன் சிரித்தால்
மேலே கேட்கும். கேட்டிருக்கும்.
கடைசிக்கு முந்தைய வரியில்
நிறுத்திக்கொண்டேன்.

பிள்ளை ஓரின். அப்போது இரண்டு வயது.
என் அப்பாவின் அப்பாவுக்கு அப்பா.
மே மாதம் தவறாமல்
தகர டப்பாவில் லைலாக் கொண்டுபோய்
அந்தக் கல்லடியில் வைத்தவர்,
எழுபத்தொன்பது வயது வரை.
ஒரு புகைப்படம் இருக்கிறது வீட்டில்:
கையில் தொப்பி, காற்றில் கோட்டு,
காலுக்குக் கீழே
யாரும் இல்லாத ஆறடி.

கடைக்காரரிடம் கல் கொத்தச் சொன்னபோது
ஆல்வா என்ன சொல்லியிருப்பார்.
விளம்பரத்துக்கு வரிக் கணக்கு, கல்லுக்கு எழுத்துக் கணக்கு.
எது மலிவு என்று பார்த்திருப்பாரோ.

அன்றைக்கே எழுந்து போயிருக்கலாம்.
போகவில்லை.
பக்கத்து மாவட்டச் சுருளைக் கேட்டு வாங்கினேன்.
1882 செப்டம்பர், சந்தைப் பரிசுப் பட்டியல்,
பூசணிக்குப் பிறகு:
'உப்பிட்ட வெண்ணெய். இரண்டாம் பரிசு, திருமதி கெ. பெக்,
ஐம்பது சென்ட்.'

இருபத்திரண்டு மைல்.
ஒரு மாடு ஒரு நாளில் நடக்கிற தூரம்,
கொஞ்சம் அடித்து ஓட்டினால்.

அந்தச் செப்டம்பரில் ஓரினுக்குப் பதின்மூன்று.
பதின்மூன்று வயதில் சந்தைக்குப் போகாத பையன் உண்டா.
வெண்ணெய் மேசையைக் கடந்திருப்பான்.
காவலுக்கு நின்றவள் அந்தப் பக்கம் திரும்பியபோது
விரலால் ஒரு வழி வழித்து
நக்கியிருப்பான்.
பரிசு பெற்றவர்களைத்தான் எழுதினார்கள்.
ருசி பார்த்தவர்களை எழுதவில்லை.

லைலுக்குப் போன் செய்தேன்.
முழுக்கக் கேட்டான். எதிர்முனையில்
எதையோ சுத்தியலால் தட்டுவது நின்றது.
'அப்படியென்றால் முப்பது வருடமாக
நான் யாருக்குப் புல் வெட்டிக்கொண்டிருக்கிறேன்?'

சனிக்கிழமை மேலே போனோம்.
மூன்றாம் வரிசையில் இயந்திரத்தை அணைத்துவிட்டு
கொஞ்ச நேரம் கல்லைப் பார்த்தான்.
கயிற்றை இழுத்தான். பிடிக்கவில்லை.
மறுபடி இழுத்தான்.
அதைச் சுற்றியும் வெட்டினான்,
மற்றவற்றைவிட ஒட்ட.

ஆலை எப்போது எரிந்தது என்று
இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.